எத்தனை வாரம்?

வயிற்று வலி என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணை அழைத்து வந்தார்கள். இரவு பதினொன்றரை மணி இருக்கும். அவளுக்கு வயது 19. கூட அம்மா மட்டும். "காலையிலேர்ந்து சுருண்டு சுருண்டு படுக்கிறா சிஸ்டர், ஏதோ ஒத்துக்கலை போல" என்றார். தொளதொளவென்று ஒரு சட்டை போட்டிருந்தாள். டியூட்டி டாக்டர் அம்மாவை வைத்துக்கொண்டே "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?" என்று கேட்டார். "போன மாசம்" என்றாள்.

வயிற்றில் கை வைத்தேன். உள்ளேயிருந்து குழந்தை உதைத்தது.

என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்து அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா?" அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எதற்கும் பதில் வரவில்லை. பி.பி. பார்த்தபோது 160/110. இரண்டு நாளாக மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது போல இருந்தது என்பதெல்லாம் அவள் பிற்பாடு சொன்னவை. அந்த நிமிடம் நான் "தலை வலிக்குதா? கண்ணு மங்குதா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது.

வலிப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டோம். 34 வாரம் என்று கணக்கிட்டோம். குழந்தை 1.8 கிலோ. இரண்டு பேரும் பிழைத்தார்கள். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.)

பிரசவ வார்டில் இருபது வருடத்துக்கும் மேல் செவிலியராக இருந்தவள் நான். அந்த இரவுக்குப் பிறகு, கல்யாணமாகாத பெண் யாராவது கர்ப்பமாக வந்தால் முதலில் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். எத்தனை வாரம்? யார், எப்படி, ஏன், இனி என்ன என்பதெல்லாம் அப்புறம். இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம். இந்தப் பெண்களுக்கு நேரும் கெடுதலில் பெரும்பங்கு, அவர்கள் தாமதமாக வருவதால் நேர்வது. வரவிடாமல் அவர்களைத் தாமதிக்க வைப்பது நாம்தான், அவர்களைச் சுற்றி இருப்பவர்கள்.

நாம் பேசும் மொழியிலேயே அது தொடங்கிவிடுகிறது. கல்யாணமான பெண்ணை "முழுகாமல் இருக்கிறாள்" என்போம், "நல்ல செய்தி" என்போம், "மாசமா இருக்கா" என்று கண் விரியச் சொல்வோம். கல்யாணமாகாதவள் என்றால் "வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்", "கெட்டுப்போய்விட்டாள்". உள்ளே இருப்பது அதே கரு. நாள் கணக்கும் அதே கணக்குதான். சிறு வயதிலிருந்தே இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த பெண், தனக்கு நாள் தள்ளிப்போன முதல் வாரத்தில் யாரிடம் வாய் திறப்பாள்?

அந்த முதல் வாரங்களின் கணக்கு பலருக்கும் தெரிவதில்லை. கர்ப்பத்தின் வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். அப்படியென்றால் மாதவிடாய் வரவேண்டிய நாளில் வரவில்லை என்று ஒரு பெண் கவனிக்கும்போதே நான்கு வாரம் முடிந்துவிட்டது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடிக்கொள்வது கரு உருவாகி 28 நாளுக்குள், நம் கணக்கில் ஏறத்தாழ ஆறாவது வாரத்தில். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். எதிர்பாராமல் கருவுற்றவளுக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. அதனாலேயே ஒவ்வொரு வாரமும் அவளுக்கு இன்னும் முக்கியம். முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள், மொத்தம் குறைந்தது 8 தடவை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. என்னிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு முதல் பரிசோதனையும் பிரசவமும் ஒரே இரவில் நடந்தன.

முன்சூல்வலிப்பு என்று நாங்கள் சொல்லும் ரத்த அழுத்தக் கோளாறு 20 வாரத்துக்குப் பிறகு வருவது. முதல் கர்ப்பத்தில் வர வாய்ப்பு அதிகம். பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தால் கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை. கையில் பி.பி. பட்டையைச் சுற்றி, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 140/90-ஐத் தொட்டதுமே விழித்துக்கொள்வோம். வலிப்பு வரை போகாமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் எவ்வளவு உதவும் என்பதை 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய மேக்பை ஆய்வு 2002-இலேயே காட்டிவிட்டது. வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவள்தான் வரவில்லை.

இளம்வயதுக் கர்ப்பம் ஆபத்து என்று பொதுவாகச் சொல்கிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 13, 14 வயதுச் சிறுமிக்கு இடுப்பெலும்பே முழுதாக வளர்ந்திருக்காது. குழந்தை இறங்க வழியில்லாமல் நாள்கணக்கில் வலியில் கிடந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் துளை விழுந்து, ஆயுளுக்கும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும் நிலை வரலாம். அது உடம்பின் வயது செய்வது. 19, 22 வயதில் அந்தக் காரணம் கிடையாது. அந்த வயதில் ரத்தசோகை கவனிக்கப்படாமல் போவதும், தொற்று முற்றிப்போவதும், எடை குறைந்த குழந்தை பிறப்பதும் பெரும்பாலும் வறுமையாலும் கவனிப்பு இல்லாததாலும்தான் என்பது நான் கண்ணால் கண்டது. அதே வயதில், அதே எடையில், கல்யாணமாகி மூன்றாம் மாதத்திலேயே வந்த பெண்கள் பக்கத்துக் கட்டிலில் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு போனார்கள்.

உலக அளவில் பார்த்தால், வருமானம் குறைந்த, நடுத்தரமான நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் உண்டாகின்றன, அதில் ஏறத்தாழ பாதி அவர்கள் திட்டமிடாதவை என்பது 2019-ஐ ஒட்டிய உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தத் தொகையில் கல்யாணமான சிறுமிகளும் ஏராளம். உடம்புக்குத் திருமணப் பதிவேடு தெரியாது. ஆனால் பரிசோதனைக்கு வரும் பாதையில் அந்தப் பதிவேடுதான் குறுக்கே நிற்கிறது.

"தெரியாமலா இருக்கும்?" இது எல்லோரும் கேட்பது. எட்டு மாதம் வரைக்கும் ஒரு பெண்ணுக்குத் தன் வயிற்றில் குழந்தை இருப்பது தெரியாமலா இருக்கும் என்று. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பெர்லினில் 1990-களில் ஒரு ஆண்டு முழுக்க அந்நகரத்தின் பிரசவங்களைக் கவனித்து ஒரு ஆய்வு செய்தார்கள். 20 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை தான் கர்ப்பம் என்பதை உணராமல் இருந்தவர்கள் 475 பேருக்கு ஒருவர். பிரசவ வலி வரும்வரை உணராதவர்கள் ஏறத்தாழ 2500 பேருக்கு ஒருவர். அதில் எல்லோரும் சிறு பெண்கள் அல்ல, ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள்கூட உண்டு. வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்களில் மாதவிடாய் முறையில்லாமல் வருவது சாதாரணம், அதனால் இரண்டு மாதம் வராவிட்டால் ஒரு பெண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் லேசாக ரத்தம் படுவதும் உண்டு, அதை மாதவிடாய் என்றே நினைத்துக்கொள்வாள்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. தெரிந்தும் தெரியாமல் இருப்பது. தாங்க முடியாத ஒரு விஷயத்தை மனம் ஓரமாகத் தள்ளி வைத்துவிடும். ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "தினமும் காலையில எழுந்ததும், இன்னிக்கு வந்துடும்னு நினைச்சுப்பேன் அக்கா. அப்படியே ஆறு மாசம் போயிடுச்சு." அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் அவள் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

சரி, கர்ப்பம் எப்படி நேர்கிறது என்ற கேள்விக்கு வருவோம். "ஆசை, அவசரம், கட்டுப்பாடு இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள், அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு முறையாவது கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டவரைக்கும் ஒவ்வொரு கதையிலும் மூன்று, நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டிருந்தன.

முதலில் சாத்தப்படுவது அறிவு. முதல் தடவையிலேயே கர்ப்பம் ஆகாது, உடனே கழுவிவிட்டால் போதும், நின்றுகொண்டிருந்தால் தங்காது. இவற்றைப் பட்டம் வாங்கிய பெண்களே என்னிடம் நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறார்கள். "பாதுகாப்பான நாள்" கணக்கு இன்னொரு வலை. விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை வெளிவரும் நாளோ சுழற்சிக்குச் சுழற்சி மாறும், இளம் பெண்களுக்கு இன்னும் அதிகமாக மாறும். வெளியே எடுத்துவிடும் முறையை மட்டும் நம்புகிறவர்களில் 100 பேருக்குச் சுமார் 20 பேர் ஒரு வருடத்துக்குள் கர்ப்பம் ஆகிறார்கள். ஆணுறையில் அது வழக்கமான பயன்பாட்டில் 13, ஒவ்வொரு தடவையும் சரியாகப் போட்டால் 2. 13-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ரப்பரின் குறை கிடையாது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதது, வாங்கக் கூச்சப்பட்டது, "இன்னிக்கு ஒரு நாள் பரவாயில்லை" என்று மற்றவன் சொன்னபோது மறுக்க முடியாமல் போனது எல்லாம் சேர்ந்துதான் அந்த இடைவெளி.

அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றியும் ஏகப்பட்ட குழப்பம். லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் என்ற இன்னொன்று 120 மணி நேரம் வரை. காப்பர்-டி போன்ற தாமிரச் சாதனத்தை ஐந்து நாளுக்குள் கருப்பையில் பொருத்தினால் எல்லாவற்றையும்விடப் பலன் அதிகம். இந்த மாத்திரைகள் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகின்றன. ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைப்பதில்லை. ஆனால் மருந்துக் கடை வாசலில் மூன்று தடவை நடந்துவிட்டு, உள்ளே போகத் துணிவு வராமல் திரும்பிவிட்டதாக ஒரு பெண் சொன்னாள். நான்காவது தடவை போனபோது ஐந்து நாள் ஆகிவிட்டிருந்தது. வெட்கமும் உடம்பு நோய்க்கு ஒரு காரணம் என்று பாடப்புத்தகத்தில் எழுத முடிந்தால் நான் எழுதுவேன்.

அடுத்தது வேண்டாம் என்று சொல்லும் சக்தி. இதைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். காதலனோடோ துணைவனோடோ இருந்திருக்கும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்தத் துணைவனாலேயே அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அடிக்காமலே செய்வதும் உண்டு. மாத்திரையை ஒளித்துவைப்பது, ஆணுறையைத் தெரியாமல் கழற்றிவிடுவது, "என்னை நம்பலையா" என்று கேட்டே வாயடைப்பது. "கல்யாணம் பண்ணிக்கத்தானே போறோம்" என்பது மிகப் பழைய சாவி, இன்றைக்கும் எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிறது. வயது வித்தியாசம் அதிகமாக இருந்தால், அவன் சம்பாதிக்கிறவனாகவும் அவள் அவனிடம் கை நீட்ட வேண்டியவளாகவும் இருந்தால், பேச்சுக்கே இடமில்லை. சில கதைகளில் அவன் வெளியாளே இல்லை, அதே வீட்டுக் கூரைக்குள் இருந்தான். "யாரு?" என்று அம்மாவை வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பெண் எப்படிச் சொல்வாள்? நான் அந்தக் கேள்வியைப் பொதுவெளியில் கேட்பதை நிறுத்தியதற்கு இதுவும் காரணம். தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு, "உன் விருப்பத்தோடதான் நடந்துச்சா?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் உடனே வராது. காத்திருக்க வேண்டும்.

சின்ன வயதில் அடியும் அத்துமீறலும் புறக்கணிப்பும் அனுபவித்தவர்கள் பிற்காலத்தில் இளம்வயதுக் கர்ப்பத்துக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அது வியப்பாக இல்லை. யாரும் மதிக்காமல் வளர்ந்த பெண்ணிடம் ஒருவன் வந்து அன்பாக நான்கு வார்த்தை பேசினால், அந்த வார்த்தைக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

படிப்பு விஷயத்தில் காரணமும் விளைவும் தலைகீழாகச் சொல்லப்படுகின்றன. கர்ப்பம் ஆனதால் படிப்பு நின்றது என்போம். பல கதைகளில் படிப்பு முதலில் நின்றது. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் எபோலா என்ற கொள்ளைநோய் பரவியபோது பள்ளிகளை மாதக்கணக்கில் மூடினார்கள். பாதுகாப்பான இடமும் போய், வேளைக்குச் சாப்பாடும் போய், பெற்றோரையும் இழந்து நின்ற சிறுமிகளில் பலர் கர்ப்பமானார்கள். 2015-இல் பள்ளிகள் திறந்தபோது, கர்ப்பமாக வெளியில் தெரியும் பெண்கள் வகுப்புக்கு வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. மற்ற பெண்களைக் கெடுத்துவிடுவார்களாம். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அந்தத் தடை தவறு என்று தீர்ப்புச் சொன்னது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. அந்த ஐந்து வருடத்தில் வகுப்பறைக்கு வெளியே நின்றவர்களின் வயது திரும்ப வரப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. இங்கிலாந்தில் 1999-இல் பத்து வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளியில் உடலையும் உறவையும் பற்றிய பாடம், இளைஞர்கள் கூச்சமில்லாமல் வந்துபோகும் கருத்தடை மையங்கள், ஏற்கெனவே தாயான பெண்களுக்குப் படிப்பையும் வேலையையும் தொடர உதவி, பெற்றோர் பிள்ளைகளிடம் பேசுவதற்கு வழிகாட்டல் என்று பல முனைகளில். 18 வயதுக்குக் கீழே கருத்தரிப்பது 1998-இல் 1000 பெண்களுக்கு 47 அளவில் இருந்தது, 2018-இல் 17 அளவுக்கு வந்துவிட்டது. திட்டம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், காலமும் மாறியிருக்கும். ஆனால் "சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்" என்ற பயத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை. பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்பதை யுனெஸ்கோவும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் சொல்லியிருக்கிறது.

அவமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயர்லாந்தைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை ஊர் கண்ணில் படாமல் தாய்-சேய் இல்லங்களில் அடைத்து வைத்தார்கள். 1922 முதல் 1998 வரையிலான காலத்தை விசாரித்த ஆணையம் 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. விசாரித்த 18 நிறுவனங்களில் சுமார் 56,000 தாய்மார்கள், 57,000 குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். அதில் சுமார் 9,000 குழந்தைகள் செத்துப்போயிருந்தார்கள். டூயம் என்ற ஊரின் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைக் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்திருக்காவிட்டால் இது வெளியே வந்திருக்குமா என்பதே சந்தேகம். 1960-க்கு முந்தைய ஆண்டுகளில் அந்த இல்லங்கள் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை, பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தன என்று ஆணையமே எழுதியிருக்கிறது. அறிக்கை வந்த மறுநாள் அந்நாட்டுப் பிரதமர் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். மற்றக் குழந்தைகளைப் போலவே உடம்போடு பிறந்த குழந்தைகள் அவர்கள். தகப்பன் பெயர் இல்லை என்பது மட்டும்தான் அவர்களுக்கிருந்த குறை.

கருக்கலைப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அது சரியா தவறா என்பதில் இதைப் படிக்கிறவர்களுக்குள் வேறுபாடு இருக்கும், சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நான் சொல்ல வருவது வாரக் கணக்கைத்தான். உலகில் நடக்கும் கருக்கலைப்புகளில் சுமார் 45 சதவீதம் பாதுகாப்பற்றவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் வாரங்களில் முறையாகச் செய்யப்படும்போது அது மருத்துவத்தில் மிகப் பாதுகாப்பானவற்றுள் ஒன்று. அதே பெண் பயந்து, ஒளித்து, யாரோ கைமாற்றிக் கொடுத்த மாத்திரையை ஐந்தாம் மாதத்தில் போட்டுக்கொள்ளும்போது ரத்தம் நிற்காமல் எங்களிடம் வந்து சேர்கிறாள். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, குழாயில் இருக்கிறதா என்பதுகூடத் தெரியாமல் மாத்திரை போட்டவர்கள் உண்டு. குழாய்க் கர்ப்பம் அந்த மாத்திரையால் கலையாது. ஒரு நாள் குழாய் வெடிக்கலாம்.

சட்டத்தில் ஒரு சொல் எவ்வளவு வாரங்களைத் தின்னும் என்பதற்கு இந்தியாவில் நடந்த வழக்கு நல்ல சான்று. 20-லிருந்து 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பெண்களின் பட்டியலில் கல்யாணமாகாதவர்கள் வருவார்களா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிப்பதற்கு அடிப்படை இல்லை என்று 2022 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தது. ஒரு பெண்ணின் வயிற்றில் வாரம் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிரிவினை எழுத்தில் இருந்தது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் பதிவு அட்டையில் "கணவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அது இல்லாமல் அட்டை போட மாட்டார்கள். ஒரு பெண் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதோ வர்றேன்" என்று எழுந்து போனாள். திரும்பவே இல்லை. அவள் 11 வாரம். பதிவு மேசையில் இருந்தவர் கெட்டவர் இல்லை, அவர் கட்டத்தை நிரப்பச் சொன்னார், அவ்வளவுதான். அட்டையை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து "உடன் வருபவர்" என்று மாறியது. எங்கள் வார்டில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பதை யாரும் எண்ணுவதில்லை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள இன்னொரு கை இல்லாத அம்மா, பால் கொடுக்கும்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987-லிருந்து இருக்கிறது, மொத்தமே பத்துக் கேள்விகள். பத்தாவது கேள்வி, உன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கல்யாணமாகாத அம்மாக்களிடம் அதைக் கேட்டால் பலர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். ஒளிவுமறைவே இருக்காது. இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, அதனால்தான்.

அந்தக் குழந்தைகளின் தகப்பன்களைப் பற்றி நான் எழுத அதிகமில்லை. வார்டில் நான் பார்த்தது மிகச் சிலரை. ஒருவன் மட்டும் மூன்று நாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று கூப்பிட்டபோது, "அவங்க அம்மா அடிப்பாங்க" என்றான். அவனுக்கும் 19-தான் இருக்கும். உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். யாரும் அடிக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை. ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். பெண்ணுக்கு 20 வயது இருக்கலாம். முகம் வெளிறிப்போயிருந்தது. முறை வந்ததும் பாட்டிதான் பேசினார். குரலைத் தாழ்த்தவே இல்லை. "நாள் தள்ளிப்போயிருக்கு சிஸ்டர். இன்னும் கல்யாணம் ஆகலை. என்ன முடிவுங்கிறதை அவ யோசிச்சுச் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க." பின்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டியும் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தப் பெண்ணைத் தனியே உள்ளே அழைத்துக்கொண்டேன். கடைசி மாதவிடாய்த் தேதியை யோசிக்காமல் சொன்னாள், எழுதி வைத்திருந்தாளாம். பி.பி. 110/70. ரத்தம் எடுத்தோம், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தோம். அவள் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்பதை டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஒரு வாரம் யோசித்துவிட்டு வருகிறேன் என்றாள். அவளுக்கு அந்த ஒரு வாரம் கையில் இருந்தது.

அட்டையில் "9 வாரம்" என்று எழுதி, கூடவே ஃபோலிக் அமில மாத்திரையையும் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, மாத்திரைப் பட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"இதைச் சாப்பிடறதுக்கு முன்னாடி போடணுமாக்கா, அப்புறமா?"